கண்டிக்கு வந்த விமானத் தளபதி



ஓய்வுபெற்ற விமானப்படைத் தளபதி ஒருவரின் வாழ்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சீனாவில் தேடலாம், அமெரிக்காவில் தேடலாம். எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. பேராதனைப் பூங்காவுக்குள் கந்தோர் வைத்து, பர்மாவின் வானத்தையும் மலாயாவின் வானத்தையும் ஆண்ட ஒருவர் இருக்கிறார். இலண்டனில் அவருக்கு வெண்கலச் சிலை உண்டு. பிறந்த ஊரிலும் உண்டு. நம் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். எயார் சீஃப் மார்ஷல் சேர் கீத் ரொட்னி பார்க் என்பது அவர் முழுப்பெயர்.

முதலில் அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1943 ஓகஸ்டில் கியூபெக் நகரில் சேர்ச்சிலும் ரூஸ்வெல்டும் கூடித் தென்கிழக்காசியக் கட்டளையகம் ஒன்றை அமைக்க முடிவுசெய்தார்கள். தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன். தலைமையகம் முதலில் டில்லியில். டில்லியின் வெயிலும் கோப்புக் கட்டுகளும் மவுண்ட்பேட்டனுக்கு ஒத்துவரவில்லை. 1944 ஏப்ரலில் மொத்தக் கூடாரத்தையும் பெயர்த்துக்கொண்டு பேராதனைக்கு வந்தார். மகாவலி வளைந்தோடும் பூங்காவில் மரங்களுக்கிடையே கந்தோர்கள் முளைத்தன. மவுண்ட்பேட்டனுக்கு வாசம் கண்டியில், அப்போது ராஜாவின் மாளிகை என்றழைக்கப்பட்ட, இன்றைய ஜனாதிபதி மாளிகையில். அமெரிக்க உளவுத்துறை தேயிலைத் தோட்டமொன்றில் கிடுகு வேய்ந்த குடில்களில் இருந்தது. பிற்காலத்தில் சமையல் புத்தகங்களால் உலகப் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அங்கே கோப்புகளைப் பராமரித்தார். கணவரைச் சந்தித்ததும் இங்கேதான். நம் ஊரின் குளிர்காற்று காதலுக்கு நல்லதென்று தோன்றுகிறது. ஆனால் அதே காதல், இன்று நான் பேசும் நாற்காலியில் இருந்த ஒருவரின் உத்தியோகத்தையே முடித்தும் வைத்தது.

அந்த நாற்காலிக்கு உரியவர் கட்டளையகத்தின் நேச நாட்டு விமானப்படைகளின் தலைமைத் தளபதி. அதற்கு நிரந்தரமாக நியமிக்கப்பட்ட மூவரும் 1892ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். சாதகம் பார்ப்பவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம். ஒரே ஆண்டு, ஒரே படை, ஒரே பதவி. மூவருக்கும் கிடைத்த முடிவு வேறு வேறு.

முதலாமவர் சேர் ரிச்சர்ட் பேர்ஸ். பிரித்தானியாவின் குண்டுவீச்சுக் கட்டளையகத்துக்குத் தலைவராக இருந்தவர். 1941 நவம்பரில் மோசமான வானிலையில் பேர்ளினுக்கும் வேறு இடங்களுக்கும் விமானங்களை அனுப்பி ஒரே இரவில் 37 விமானங்களை இழந்தார். அத்தோடு அங்கிருந்து கிழக்குக்கு மாற்றப்பட்டார். இங்கே வந்த பிறகு இந்தியத் தரைப்படைத் தளபதி ஒக்கின்லெக்கின் மனைவி மீது காதல்கொண்டார். டில்லியிலும் கண்டியிலும் ஊரறிந்த இரகசியம். மவுண்ட்பேட்டன் 1944 நவம்பரில் அவரை வீட்டுக்கு அனுப்பினார். 1946இல் இருவரும் முறைப்படி திருமணம் செய்துகொண்டார்கள். பேர்ஸின் படைவாழ்வு மட்டும் திரும்பி வரவில்லை.

இரண்டாமவர் சேர் டிராஃபோர்ட் லீ-மல்லோரி. நோர்மண்டித் தரையிறக்கத்தின் விமானத் தளபதி. எவரெஸ்ட் ஏறப்போய் 1924இல் மறைந்த ஜோர்ஜ் மல்லோரியின் தம்பி. கண்டிப் பதவியை ஏற்க மனைவியோடு 1944 நவம்பர் 14ஆம் திகதி விமானம் ஏறினார். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் விமானம் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. பனி உருகிய பின், 1945 ஜூனில்தான் சிதைவுகள் அகப்பட்டன. அண்ணனுக்கு இமயம், தம்பிக்கு ஆல்ப்ஸ். கண்டி நாற்காலி அவரைக் காணவே இல்லை. இடையில் சில மாதங்கள் சேர் கை கரோட் என்பவர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார்.

1945 பெப்ரவரியில் மூன்றாமவராக வந்தவர்தான் பார்க். இந்த வரிசையில் ஒரு விசித்திரம் உண்டு. லீ-மல்லோரியும் பார்க்கும் ஆண்டுக்கணக்கில் முட்டிமோதியவர்கள். பார்க்கின் புகழ்பெற்ற பதவியைப் பறித்து அதில் உட்கார்ந்தவரே லீ-மல்லோரிதான். அவர் ஆல்ப்ஸில் மடியாமல் பேராதனைக்கு வந்து சேர்ந்திருந்தால் பார்க் இந்த ஊரைப் பார்த்திருக்கவே மாட்டார்.

பார்க் பிறந்தது நியூசிலாந்தின் தேம்ஸ் என்னும் சிற்றூரில். தந்தை ஸ்கொட்லாந்திலிருந்து வந்த புவிச்சரிதவியலாளர். மகன் கப்பல் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார், அதனால் கடைசிவரை நெருங்கியவர்கள் அவரை 'ஸ்கிப்பர்' என்றே அழைத்தார்கள். முதலாம் உலக யுத்தத்தில் பீரங்கிப் படைவீரராக 1915இல் கலிப்போலிக் கரையில் இறங்கினார். அடுத்த ஆண்டு சோம் போர்க்களத்தில் எறிகணை ஒன்று வெடித்துக் குதிரையோடு தூக்கி வீசியது. குதிரையில் ஏறி அமர இனி இயலாது என்று வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். குதிரை ஏற முடியாதவர் விமானம் ஏறினார். அக்காலத்தில் அதற்கு யாரும் தடை சொல்லவில்லை! 1917இல் 48ஆம் இலக்க அணியில் பிரிஸ்டல் போர்விமானம் ஓட்டி எதிரி விமானங்கள் பலவற்றை வீழ்த்தினார். அடுத்த ஆண்டே அந்த அணிக்குத் தலைவரானார்.

இரண்டு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளைத் தாண்டிப் போகிறேன். பயிற்சி, கந்தோர், இடமாற்றம், பதவி உயர்வு. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும்.

1940 ஏப்ரலில் பார்க்குக்கு 11ஆம் இலக்கத் தொகுதி கிடைத்தது. இலண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் காக்கும் பொறுப்பு. ஜேர்மன் விமானங்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தால் முதலில் முகம் கொடுப்பது இவருடைய ஆட்கள்தான். கதிரலைக் கருவி சில நிமிட முன்னறிவிப்புத் தரும். அந்தச் சில நிமிடங்களில் எத்தனை விமானங்களை எங்கிருந்து ஏற்றுவது என்று முடிவெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றினால், அவை எரிபொருள் தீர்ந்து இறங்கும்போது அடுத்த அலை வந்து நிலத்திலேயே நொறுக்கிவிடும். குறைவாக ஏற்றினால் குண்டுகள் விழும். பார்க் ஒன்றும் இரண்டுமாக அணிகளை அனுப்பி, குண்டு விழுவதற்கு முன்பே எதிரியின் கூட்டத்தைக் கலைத்தார். மீதியைக் கையில் வைத்திருந்தார்.

வடக்கே 12ஆம் இலக்கத் தொகுதியில் இருந்த லீ-மல்லோரிக்கு இது கஞ்சத்தனமாகப் பட்டது. மூன்று முதல் ஐந்து அணிகளை வானில் திரட்டி ஒரே பேரணியாக மோத வேண்டும் என்பது அவர் வாதம். கேட்க வீரமாக இருக்கும். ஆனால் அந்தப் பேரணி திரண்டு முடிவதற்குள் எதிரி குண்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பான்.

செப்டெம்பர் 15ஆம் திகதி அக்ஸ்பிரிட்ஜில் நிலத்தடிக் கட்டுப்பாட்டறைக்கு சேர்ச்சில் வந்தார். கீழே பெரிய வரைபட மேசை. எதிரே சுவரில் ஒவ்வோர் அணியின் நிலையையும் காட்டும் விளக்குகள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லா அணிகளும் போரில் இறங்கிவிட்டதாக விளக்குகள் காட்டின. இனி என்ன கையிருப்பு என்று சேர்ச்சில் கேட்டார். எதுவுமில்லை என்றார் பார்க். கையிருப்பை எப்போதும் காப்பவர் அன்று முழுவதையும் செலவிட்டார். அன்றைய தினம்தான் அதற்குரிய தினம் என்று அவர் கணித்தார், கணிப்பும் சரியாகவே இருந்தது. மறுநாள் பத்திரிகைகள் 185 ஜேர்மன் விமானங்கள் வீழ்ந்தன என்று எழுதின. யுத்தத்துக்குப் பின் எண்ணிப் பார்த்தால் அறுபது அளவில்தான் வந்தது. அந்த அறுபதே போதுமானதாக இருந்தது என்பது வேறு விஷயம்.

வென்ற தளபதிக்கு என்ன கிடைத்தது? ஒக்டோபர் 17ஆம் திகதி விமான அமைச்சில் ஒரு கூட்டம். அங்கே பார்க் ஏறக்குறையக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். லீ-மல்லோரி தன் வாதத்துக்கு வலுச்சேர்க்க டக்ளஸ் பேடர் என்ற அணித்தலைவரையும் அழைத்து வந்திருந்தார். நவம்பரில் மேலதிகாரி டவுடிங் நீக்கப்பட்டார், டிசெம்பரில் பார்க். அடுத்த ஆண்டு அரசாங்கம் அந்த வான்போரைப் பற்றி வெளியிட்ட சிறுநூலில் டவுடிங்கின் பெயர்கூட இல்லை. பார்க் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தார் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. அவர் அப்படிப்பட்டவரல்லர். மனத்தில் வைத்திருந்தார், கேட்டவர்களிடம் சொன்னார், கடைசிவரை சொன்னார்.

1942 ஜூலையில் மால்டாவுக்கு அனுப்பினார்கள். நாளாந்தம் குண்டு மழை. தீவின்மேல் வந்தபின் அடிப்பதை விட்டு, கடலுக்கு மேலேயே போய் எதிரியை மறிக்கும்படி ஸ்பிட்ஃபயர் விமானங்களை வடக்கே முன்னோக்கி அனுப்பினார். சில வாரங்களிலேயே பகல் தாக்குதல்கள் குறைந்தன. சிவப்பு நிற எம்.ஜி. காரை ஓட்டிக்கொண்டு விமானத்தளம் விமானத்தளமாக அவர் போவதை மால்டாக்காரர்கள் நெடுங்காலம் பேசினார்கள். 1944இல் மத்திய கிழக்கின் விமானப்படைத் தலைமை. அங்கிருந்துதான் கண்டி.

போர்விமானப் புகழோடு வந்தவருக்கு இங்கே காத்திருந்த வேலை மூட்டை சுமப்பது. என் பேச்சின் மையம் இதுதான்.

பர்மா யுத்தத்தை நடத்தியது டகோட்டா விமானம். இரட்டை எஞ்சின், ஏறக்குறைய மூன்று தொன் சுமை. பாதையில்லாத காட்டில் படை முன்னேறினால் சோறும் தோட்டாவும் வானத்திலிருந்துதான் வரவேண்டும். பார்க் வருவதற்கு முந்திய ஆண்டிலேயே இது நிரூபணமாகியிருந்தது. இம்பால் முற்றுகையிடப்பட்டபோது ஏறக்குறைய 19,000 தொன் பொருட்களை விமானங்கள் உள்ளே கொண்டுபோயின. 43,000 அளவிலான போரிடாத மக்கள் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். 5ஆவது இந்திய டிவிஷன் பீரங்கியும் கோவேறு கழுதையுமாக அரக்கானிலிருந்து இம்பாலுக்குப் பறந்துவந்தது. அந்த முற்றுகை நாட்களில் இம்பாலிலிருந்து பறந்த 25 வயது அணித்தலைவர் ஒருவருக்கு மவுண்ட்பேட்டன் களத்திலேயே பதக்கம் குத்தினார். அவர் அர்ஜன் சிங். 1965 யுத்தத்தில் இந்திய விமானப்படைக்குத் தலைமை தாங்கியவர், பின்னர் விமானப்படையின் மார்ஷல் என்ற தகுதி பெற்றவர்.

ஒரு மூட்டை அரிசி எப்படி வானிலிருந்து விழும் என்று பாருங்கள். சாக்கில் நிரப்பி அப்படியே தள்ளினால் வெடித்துச் சிதறிவிடும். ஆகவே ஒரு சாக்கை இன்னொரு பெரிய சாக்குக்குள் தளர்வாக வைத்துத் தைத்தார்கள். உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும். தோட்டாவுக்கும் மருந்துக்கும் பரசூட் வேண்டும். பட்டுப் பரசூட்டுக்குத் தட்டுப்பாடு. பர்மாவில் 14ஆவது படையை நடத்திய தளபதி ஸ்லிம் கல்கத்தாச் சணல் ஆலைக்காரர்களைக் கேட்டார். சில வாரங்களில் சணல் பரசூட் தயாரானது. ஆளை இறக்க உதவாது, மூட்டையை இறக்கத் தாராளமாகப் போதும், விலையோ பட்டுக்கு ஆகும் செலவில் சிறு பங்கு. விமானத்தின் கதவோரம் மல்லாந்து படுத்துக் காலால் மூட்டைகளை உதைத்துத் தள்ளியவர்களில் இந்தியப் படைவீரர்கள் ஏராளம். கீழே பாலமும் பாதையும் அமைத்தவர்களில் மதராஸ் சப்பர்ஸ் படையின் நம்மவர்கள் உண்டு.

பார்க் பொறுப்பேற்றபோது ஸ்லிமின் 14ஆவது படை ஐராவதி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. வானத்திலிருந்து ஊட்டப்பட்ட வாய்கள் மூன்று இலட்சத்துக்கு மேல். டகோட்டா சிக்கனமாகச் சுமக்கக்கூடிய தூரம் ஏறக்குறைய 250 மைல். அதைத் தாண்டினால் சுமையைக் குறைத்து எரிபொருளைக் கூட்ட வேண்டும். படை தெற்கே ஒவ்வோர் அடி நகரும்போதும் கணக்கு இறுகியது. அக்யாப், ராம்ரி தீவுகளை 1945 ஜனவரியில் பிடித்ததற்குப் பெரிய காரணமே அங்கே விமானத்தளம் அமைத்து இந்தத் தூரத்தைக் குறைப்பதுதான்.

இதற்கிடையில் சீனா. 1944இல் ஜப்பானியர் சீனாவில் பெருந்தாக்குதல் நடத்தினார்கள். இமயத்துக்கு மேலாகக் குன்மிங்குக்குப் பறந்த சரக்கு விமானங்கள்தான் சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்குக்கு உயிர்நாடி. பேராதனையில் மவுண்ட்பேட்டனோடு பணியாற்றிய அமெரிக்கத் தளபதி வெடமேயர் அந்த ஒக்டோபரில் சீனாவுக்கு மாற்றப்பட்டிருந்தார். இங்கே இருந்தவரை பர்மாவுக்கு விமானம் வேண்டுமென்றவர், அங்கே போனதும் சீனாவுக்கு வேண்டுமென்றார். நாற்காலி மாறினால் நியாயமும் மாறும். டிசெம்பர் 10ஆம் திகதி விடியலில் ஸ்லிம் விமான இரைச்சலில் கண்விழித்தார். 75 டகோட்டாக்கள் ஏற்றியிருந்த சுமையை இறக்கிவைத்துவிட்டுச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. மேலும் விமானங்களை அமெரிக்கர் எடுக்கப்போகிறார்கள் என்ற அச்சம் பார்க் வந்தபோதும் தீரவில்லை. சேர்ச்சில் தலையிட்டு, ரங்கூன் விழும்வரை அல்லது ஜூன் வரை தொடமாட்டோம் என்ற உறுதியைப் பெற்றார்.

1940இல் பார்க்கிடம் விமானம் போதாது. 1945இலும் போதாது. எதைக் கையிருப்பில் வைப்பது, எதை இன்று செலவிடுவது என்ற அதே கேள்வி, ஸ்பிட்ஃபயர் இருந்த இடத்தில் டகோட்டா. நான் படித்த ஆங்கில நூல்கள் முதற்கணக்குக்கு நூறு பக்கம் ஒதுக்கிவிட்டு இரண்டாவதை அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. இரண்டாவதுதான் கடினம் என்பது என் எண்ணம். முதலாவதில் எதிரியை மட்டும் சமாளித்தால் போதும். இரண்டாவதில் நட்பு நாட்டையும், தூரத்தையும், மே மாதம் வந்து இறங்கும் பருவமழையையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும்.

மார்ச் மாதம் மெய்க்திலாவில் நடந்ததைப் பாருங்கள். நகரம் நம் கையில், சுற்றிலும் ஜப்பானியர். விமானத்தளத்தின் ஓரத்தில் இரவில் எதிரி பதுங்கு குழி வெட்டிவிடுவான். ஒவ்வொரு விடியலிலும் விமானப்படையின் தரைக்காவலர்கள் ஓடுபாதையை அடியடியாகச் சோதித்துத் துப்புரவு செய்வார்கள். பிறகுதான் விமானம் இறங்கும். அப்படி இறங்கிய விமானங்களில் ஒரு முழு இந்தியப் பிரிகேடே வந்தது, பீரங்கிக் குண்டு விழ விழ. மார்ச் 20ஆம் திகதி மண்டலே வீழ்ந்தது.

ரங்கூன் விழுந்த கதை வேடிக்கையானது. மே முதலாம் திகதி ரங்கூன் சிறையின் கூரையில் கைதிகள் எழுத்துப் பொறித்திருந்ததை விமானிகள் கண்டார்கள். ஜப்பானியர் போய்விட்டார்கள், சீக்கிரம் வாருங்கள் என்ற பொருளில், கொஞ்சம் கொச்சையான படைவழக்கில். மறுநாள் விங் கமாண்டர் சோண்டர்ஸ் தன் மொஸ்கிட்டோ விமானத்தை மிங்களடோன் தளத்தில் இறக்கினார். குண்டுக்குழியில் சக்கரம் மாட்டிச் சேதமானது. நகருக்குள் போய்ப் பார்த்தார், எதிரியைக் காணோம். திரும்பப் பறக்க முடியாததால் சம்பான் படகொன்றைப் பிடித்து ஆற்றில் போய்க் கடற்படையிடம் செய்தி சொன்னார். படையெடுப்புக்கு வந்த கப்பல்களுக்கு, நகரம் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று சொன்னவர் விமானப்படைக்காரர்!

ரங்கூனுக்கும் கண்டிக்கும் உறவு அரிசியால் ஆனது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் இலங்கைக்குப் பர்மா அரிசி நின்றது. கூப்பன் வந்தது. தோட்டங்களில் கோதுமை மாவும் தானியமும் அரிசியின் இடத்தைப் பிடித்தன. பேராதனையில் கட்டளையக அதிகாரிகள் உணவருந்திய நாட்களில் சுற்றியுள்ள தோட்டத்து லயங்களில் அளந்து சமைத்தார்கள். அந்த வயதுக்காரர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், படைநகர்வை விட மாவின் நாற்றத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சியாம்–பர்மா புகையிரதப் பாதை. 415 கிலோமீற்றர். நேசநாட்டுப் போர்க்கைதிகளோடு, மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அதில் மாண்டார்கள். நம் மலையகத்துக்கு ஆள் வந்த அதே திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மலாயாவுக்குப் போன குடும்பங்கள் அவை. அந்தப் பாதையையும் பாலங்களையும் தகர்க்க விமானங்கள் போயின, பார்க் வருவதற்கு முன்பும் அவர் காலத்திலும். பாலத்துக்குப் பக்கத்திலேயே கைதி முகாம் இருந்தது. 1944 நவம்பரில் தமார்க்கான் முகாமில் குண்டு விழுந்து கைதிகள் செத்தார்கள். பாதையை உடைக்காவிட்டால் எதிரிக்குத் தோட்டா போகும், உடைத்தால் உடைபட்டதைத் திருத்த அதே கூலியைத்தான் விரட்டுவார்கள். பார்க்கின் திறமையை மெச்சும் நான், இந்தக் கணக்கில் தமிழ்க் கூலியின் உயிர் எந்தப் பத்தியில் எழுதப்பட்டது என்று கேட்காமல் இருக்க மாட்டேன்.

ஓகஸ்டில் ஜப்பான் பணிந்தது. முறைப்படிச் சரணாகதி கையொப்பமாகும்வரை படைகளை இறக்கக்கூடாது என்று அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் தடுத்தார். முகாம்களில் மனிதர்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஓகஸ்ட் 28 முதல் விமானங்கள் துண்டுப்பிரசுரங்களைப் போட்டன, தொடர்ந்து உணவும் மருந்தும். அதே டகோட்டா, குண்டுவீசப் போன அதே லிபரேட்டர் விமானம், இம்முறை குண்டில்லை. என்னைக் கேட்டால், பார்க்கின் கண்டி நாட்களில் மிகச் சிறந்த வாரங்கள் இவைதான்.

செப்டெம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூர் நகர மண்டபத்தில் ஜப்பானியத் தளபதி இத்தகாக்கி கையொப்பமிட்டார். எதிரே மவுண்ட்பேட்டனோடு ஸ்லிம், பார்க், இந்தியப் படையின் திமையா, சீனாவின் மேஜர் ஜெனரல் ஃபெங் யீ ஆகியோர் இருந்தார்கள். நவம்பரில் கட்டளையகம் சிங்கப்பூருக்குப் போனது. பூங்கா மீண்டும் பூங்காவானது. சில ஆண்டுகளில் பக்கத்திலேயே பல்கலைக்கழகம் வந்தது. அந்நாளில் இங்கே மாண்ட பிரித்தானியர், ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் என இருநூறு அளவிலானோர் கண்டி யுத்த மயானத்தில் உறங்குகிறார்கள்.

1946 ஜனவரியில் பார்க்கின் சொந்த ஆட்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். யுத்தம் முடிந்தும் ஊருக்கு அனுப்பவில்லை என்று கராச்சியில் தொடங்கி, இலங்கைத் தளங்களையும் தொட்டு, சிங்கப்பூர்வரை பரவியது. அவ்வாண்டு இறுதியில் பார்க் ஓய்வுபெற்றார். ஐம்பத்துநான்கு வயது. இங்கிலாந்தைக் காத்த வெற்றி தனிமனிதர் ஒருவருடையது என்று சொல்வதானால் அது பார்க்குடையதே என்ற கருத்தை விமானப்படையின் தலைவர் டெடர் அதற்குப் பிறகுதான், 1947இல், பகிரங்கமாகச் சொன்னார்.

நியூசிலாந்து திரும்பி ஹோக்கர் சிட்லி விமானக் கம்பனியின் பசிபிக் பிரதிநிதியானார். ஓக்லாந்து சர்வதேச விமானநிலையத்தை அமைப்பதற்கான குழுவுக்குத் தலைமை வகித்தார். 1962இல், எழுபது வயதில், ஓக்லாந்து மாநகரசபைத் தேர்தலில் நின்று வென்றார். 1971வரை உறுப்பினர். ஒரு காலத்தில் வானத்தையே பங்கிட்டவர், குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் வரவுசெலவு பார்த்தார். 1975 பெப்ரவரி 6ஆம் திகதி 82ஆவது வயதில் காலமானார். இலண்டன் வாட்டர்லூ பிளேஸில் சிலை எழுந்தது 2010இல், தேம்ஸ் ஊரில் 2019இல்.

நேரமாகிவிட்டது, மழையும் விட்டபாடில்லை. கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். பேராதனைக் கட்டளையகத்தில் சமையலறையிலோ சாரதியாகவோ சலவையிலோ வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது சபையில் இருந்தால் அவர்கள் முதலில் பேசட்டும்.